பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டாம் பாடவேளையில் செயலர் கூப்பிடுவதாக பியூன் வந்து சொன்னார். இத்தனை வருட சர்வீஸில் அந்த அறைக்குள் நான் போனது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். செயலர் திரவியம் தென்காசியில் மரக்கடை வைத்திருப்பவர். எங்கள் கல்லூரியை நடத்தும் டிரஸ்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்தார். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றிலிருந்து வந்தது. உயிர்வேதியியல் துறைத் தலைவர் குற்றாலநாதன் சென்ற ஆண்டு அதில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மலைச்சாரலில் வளரும் ஒரு செடியின் இலை சர்க்கரை நோயைக் குறைக்கிறது, ஈரலுக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை என்று எலிகளை வைத்துக் கண்டுபிடித்ததாகக் கட்டுரை. அதில் இரண்டாவது பெயர் அவரிடம் பிஎச்.டி. செய்யும் பேச்சியம்மாளுடையது. அந்தப் பெண்ணே இதழுக்கு எழுதியிருக்கிறாள். கட்டுரையில் உள்ள படம் பொய்யாம். தன் பெயரை அதிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். கல்லூரியே விசாரித்துப் பதில் சொல்லட்டும் என்று இதழ் ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

"நீங்கதான் விசாரிக்கணும், ஆவுடையப்பன் சார்" என்றார் செயலர். "இந்தக் காலேஜ்ல கைசுத்தமான ஆளுன்னா எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்லுதாவ."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். ஆனாலும் சொல்கிறார்களாம்.

சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன். வீட்டில் மனைவி செண்பகத்திடம் திட்டு.

ஆகஸ்ட் 6, புதன்

குழுவில் மூன்று பேர். நான் தலைவர். புள்ளியியல் துறை மெஹருன்னிசா மேடம் உறுப்பினர். முதல்வர் பெயருக்கு. அக்டோபர் கடைசியில் ஓய்வு பெறப்போகிற மனிதர், இப்போதே பாதி நாள் சொந்த ஊரில்தான் இருக்கிறார்.

குற்றாலநாதனைப் பற்றி இங்கே எழுதிவைக்கிறேன், வேறெங்கே எழுதுவது. எனக்குப் பத்து வருடம் பிந்தி வேலைக்கு வந்தவர். ஆண்டுக்கு இருபது கட்டுரைக்குக் குறையாமல் வெளியிடுகிறார். எழுதுவதை விடுங்கள், அத்தனையையும் ஒழுங்காகப் படித்துப் பார்க்கவே ஒரு மனிதனுக்கு நேரம் போதாது. நான் படிக வளர்ச்சியில் ஆராய்ச்சி செய்தேன். ஒரு படிகம் உருப்படியாக வளர ஆறு மாதம் ஆகும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படிச் செய்து வாழ்நாளில் பதினோரு கட்டுரை. கல்லூரி ஆண்டு விழாவில் ஒவ்வொரு முறையும் அவருக்குத்தான் பொன்னாடை. கைதட்டுகிறவர்களில் ஒருவனாக நான்.

இன்று வராந்தாவில் எதிரே வந்தார். "அண்ணாச்சி, நல்லா விசாரிங்க. எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. சின்னப் பொண்ணு, யாரோ தூண்டிவிட்டிருக்காங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வியர்த்திருந்தது.

இந்த முறை அவர் தப்ப முடியாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பேச்சியம்மாளை விசாரித்தோம். ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். அப்பா பீடிக் கம்பெனியில் ஏஜென்ட். குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவள். பயந்துபோய் வருவாள் என்று நினைத்திருந்தேன். நேராக உட்கார்ந்து பேசினாள்.

கட்டுரையின் படப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். எலியின் ஈரலை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து எடுத்த படங்கள். இடதுபுறம் மருந்தே கொடுக்காத எலி. வலதுபுறம் இலைச்சாறு கொடுத்த எலி.

"வலது படத்தை மட்டும் தலைகீழாத் திருப்பிப் பாருங்க சார்."

பக்கத்தைத் திருப்பினேன். கூடவே ஒரு பிரதியை அவள் நேராகப் பிடித்தாள். வாழ்க்கை முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தவன் நான். ஒரு வினாடிகூட ஆகவில்லை. ஓரத்தில் காற்புள்ளி போல ஒரு வெள்ளைக் கீறல், அதன் பக்கத்தில் மூன்று கருந்திட்டுகள். நான் திருப்பிய வலது படத்திலும் அவள் பிரதியின் இடது படத்திலும் அப்படியே. ஒரே படம். ஐயமே இல்லை. வாய்விட்டே சொன்னேன், "ஒரே படம்தான் இது." மெஹருன்னிசா மேடம் தலையை ஆட்டினார்.

"அப்போ இலைச்சாறு கொடுத்த எலியோட நிஜமான படம் எங்கம்மா?"

"அது நல்லாயில்ல சார். அளவு கூடினா ஈரல் கெட்டுப்போகுது. நான்தான் எடுத்தேன், நான்தான் சார்கிட்ட காட்டினேன். 'இது சரியா வரல, நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னாங்க. கட்டுரை வந்த பிறகுதான் என்ன போட்டிருக்காங்கன்னே பாத்தேன். என் பேரைப் போடுறதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"பேரு இருந்தா உனக்கு நல்லதுதானே? பட்டத்துக்குக் கட்டுரை வேணுமே" என்றேன். சும்மா, அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கத்தான்.

கைப்பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்தாள். குற்றாலநாதனின் மைத்துனர் அந்த இலையைப் பொடியாக்கி டப்பாவில் விற்கிறாராம். 'வெளிநாட்டு ஆய்விதழில் நிரூபிக்கப்பட்டது, பக்க விளைவு அற்றது' என்று போட்டு, கீழே ஆராய்ச்சியாளர் பெயர்கள். இரண்டாவது பெயர் பேச்சியம்மாள்.

"எங்க ஊர்ல இதை என் பேரைப் பாத்துத்தான் வாங்குதாவ சார். நம்ம பேச்சி கண்டுபிடிச்ச மருந்துன்னு எங்க சித்தி பத்து வீட்டுக்கு வாங்கிக் கொடுத்திருக்கு. வேண்டாம்னு சொன்னா, 'உம்பேரு போட்டிருக்குல்லா'ங்காவ. எனக்குப் பட்டம்கூட வேண்டாம் சார். பேரை மட்டும் எடுத்திருங்க."

வீட்டுக்கு வந்ததும் சமையலறை அலமாரியைப் பார்த்தேன். அந்த டப்பா இருந்தது. செண்பகம் இரண்டு மாதமாகக் காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செண்பகத்திடம் பொடியை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். டாக்டர் மாத்திரையே போதும், நடைப்பயிற்சி போ என்றேன்.

"பக்கத்து வீட்டு சௌந்தரம் டீச்சருக்கு நான்தான வாங்கிக் கொடுத்தேன். அவங்ககிட்டயும் நிறுத்தச் சொல்லட்டா?"

விசாரணை நடக்கிறபோது குழுத் தலைவர் வீட்டிலிருந்து அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் நன்றாக இருக்காது. முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மோட்டார் மறுபடி மக்கர். பிளம்பர் வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

குற்றாலநாதனின் ஆய்வகத்துக்குப் போனோம். ஈரல் துண்டுகள் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளைக் கேட்டோம். மருந்து கொடுக்காத எலிகளுடையவை வரிசையாகப் பெட்டியில் இருந்தன. மருந்து கொடுத்த எலிகளுடைய பெட்டி இல்லை.

"எலிக்கூண்டு அறைக்கு வெள்ளையடிச்சப்போ போயிருக்கும் அண்ணாச்சி. இந்தப் பிள்ளைங்க எதைத்தான் பத்திரமா வைக்குது" என்றார்.

"எப்ப வெள்ளையடிச்சீங்க?" என்று கேட்டார் மெஹருன்னிசா மேடம்.

"ஜூலைக் கடைசியில."

"புகார் ஜூலை நடுவில வந்திருக்கு, சார்."

குற்றாலநாதன் காபி வரவழைத்தார். மேடம் குடிக்கவில்லை. வீணாக வேண்டாமே என்று நான் குடித்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

டப்பாவில் மீதி இருந்த பொடியை செண்பகம் சௌந்தரம் டீச்சரிடமே கொடுத்துவிட்டாளாம். "நல்ல சாமானை எதுக்குக் குப்பையில போடணும். நீங்கதான் காரணம் ஒண்ணும் சொல்லலையே" என்கிறாள். டீச்சர் தனியாக இருக்கிறவர், மகன் மஸ்கட்டில். போய்த் திரும்பக் கேட்பது மரியாதையாக இருக்காது.

செப்டம்பர் 4, வியாழன்

செயலர் வீட்டுக்கே வரச் சொன்னார். அவர் மனைவி பணியாரம் வைத்தார்.

"தர மதிப்பீட்டுக் குழு ஜனவரியில வருது சார். நம்ம காலேஜ் கட்டுரைக் கணக்குல பாதி குத்தாலநாதனோடது. அதுல ஒண்ணு பொய்னு ஆச்சுன்னா எல்லாத்தையும் தோண்டுவான். கிரேடு போச்சுன்னா சுயநிதிப் பிரிவுல அட்மிஷன் படுத்துரும். அதுல சம்பளம் வாங்குத வாத்தியாருங்க எத்தனை குடும்பம், நீங்களே நினைச்சுப் பாருங்க."

"படம் ஒரே படம் சார்" என்றேன். சொன்னேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

"யாரு இல்லன்னா? ஒண்ணா இருந்தா ஒண்ணா இருக்குன்னு எழுதுங்க. ஆனா ஒட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர்ல படம் அடுக்குறது எப்பவும் பிள்ளைங்க வேலைதான? மூடி மறைக்கச் சொல்லல. நியாயமா, சுருக்கமா முடிங்கன்னுதான் சொல்லுதேன்."

வாசல் வரை வந்தார். முதல்வர் நாற்காலி பற்றி டிரஸ்டில் பேச்சு வந்திருப்பதாகவும், சீனியாரிட்டியில் என் பெயர் முதலில் இருக்க, வேறு இரண்டு பெயர்கள் சொல்லப்படுவதாகவும், தனக்கு அதில் உடன்பாடில்லை என்றும் சொன்னார். "அது வேற, இது வேற. நான் இப்ப அதைப் பேச வரல."

அவர் பேச வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சம்பளக்காரர்கள் விஷயம் யோசிக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அறிக்கை எழுத உட்கார்ந்தோம். முதல்வர் எங்கே கையெழுத்து என்று கேட்டு, வெற்றுத்தாளில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

'இரு படங்களும் ஒத்த தோற்றம் கொண்டவையாகக் காணப்படுகின்றன' என்று எழுதினேன். மெஹருன்னிசா மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒத்த தோற்றமா? ஒரே படம்னு முதல் நாள் நீங்கதான சார் சொன்னீங்க? நான்கூட யோசிச்சிட்டிருந்தேன், நீங்கதான் டக்குனு சொன்னீங்க."

"சொன்னேன் மேடம். ஆனா நாம ஈரல் நிபுணர்கள் இல்லையே. ஆரோக்கியமான ஈரல் எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்னு ஒரு வாதம் இருக்கு."

"யாரோட வாதம்?"

குனிந்து எழுதினேன். அடுத்த வரி: 'படங்களை அடுக்கும் பணியில் ஆய்வு மாணவியின் கவனக்குறைவால் பிழை நேர்ந்திருக்க வாய்ப்புண்டு. கட்டுரையின் முடிவுகளை இது பாதிக்காது.'

"முடிவைப் பாதிக்காதா?" மேடத்தின் குரல் உயர்ந்தது. "சில்லு எங்கே? எண்களையாவது பார்த்தீங்களா? ஆறு எலிக்கும் சர்க்கரை ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்குது. உயிருள்ள எலி அப்படி இருக்காது சார். நான் கணக்கே போட்டுக் கொடுத்தேன்."

"அந்தப் பொண்ணுக்குத் தண்டனை ஒண்ணும் வேண்டாம்னுதான் எழுதியிருக்கேன். எச்சரிக்கைகூடக் கிடையாது. ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?"

"பொய்யைக் காட்டிக் கொடுத்தவளுக்கு மன்னிப்பு. அப்படித்தான?" தாளை என் பக்கம் தள்ளினார். "நான் கையெழுத்துப் போடமாட்டேன். என் கருத்தைத் தனியா எழுதித் தாரேன். அறிக்கையோட சேத்து அனுப்புங்க. அனுப்புவீங்கள்ல?"

அனுப்புவேன் என்றேன். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். நல்ல ஆங்கிலம். ஆனால் உணர்ச்சி சற்று அதிகம்.

செப்டம்பர் 19, வெள்ளி

அறிக்கையை இதழுக்கு அனுப்பினேன். எங்கள் இணையம் மிகவும் மெதுவாக இருந்தது. பெரிய கோப்புகள் ஏறவில்லை. அறிக்கை மட்டும் போயிற்று. மேடத்தின் குறிப்பைச் செயலர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பிளம்பர் வந்தார். வாஷர் தேய்மானம், வேறொன்றுமில்லை.

அக்டோபர் 8, புதன்

இதழிலிருந்து பதில். கல்லூரியின் விரைவான, பாரபட்சமற்ற விசாரணைக்கு நன்றி என்று எழுதியிருக்கிறார்கள். கட்டுரை அப்படியே நிற்கும். புதிதாக ஒரு படம் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். 'இரண்டாம் ஆசிரியர் பேச்சியம்மாளின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்று ஒரு திருத்தக் குறிப்பும் வெளியாகும். ஆய்வில் பங்கெடுத்தது உறுதியாகிவிட்டதால் அவள் பெயரை நீக்க இயலாதாம்.

புதிய படத்தைக் குற்றாலநாதன் எங்கிருந்து எடுப்பார் என்று தெரியவில்லை. அது விசாரணை வரம்புக்குள் வராது.

பேச்சியம்மாள் என் அறை வாசல் வரை வந்து நின்றதாக பியூன் சொன்னார். நான் தேர்வுப் பணியில் இருந்தேன். அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாளாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாள் முழுக்க மழை. குற்றாலநாதன் இனிப்புப் பெட்டி அனுப்பியிருந்தார். வீட்டில் சர்க்கரைக்காரி இருக்கிறாள், யாருக்கு இது?

நவம்பர் 3, திங்கள்

முதல்வராகப் பொறுப்பேற்றேன். செயலர் மாலை போட்டார். குற்றாலநாதன் பேசும்போது, 'நேர்மைக்குக் கிடைத்த மரியாதை' என்றார். கைதட்டல் ஓயக் கொஞ்சம் நேரமாயிற்று. ஆசிரியர் வரிசையில் மெஹருன்னிசா மேடம் இல்லை. அவருக்கு வகுப்பு இருந்திருக்கலாம்.

முதல்வர் அறை நாற்காலி மிகவும் தாழ்வு. மாற்றச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

சௌந்தரம் டீச்சருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். சாப்பாடு இறங்கவில்லை. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மஸ்கட்டிலிருந்து மகன் புறப்பட்டுவிட்டானாம். மழைக்காலத்தில் தண்ணீர் சரியில்லாமல் காமாலை வருவது சகஜம்தான். வயதும் ஆகிறது.

செண்பகம் கேட்டாள்: "ஏங்க, அந்தப் பொடியை எதுக்கு என்னை நிறுத்தச் சொன்னீங்க?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்ககிட்டதான் கேக்கேன். எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

"முன்னெச்சரிக்கைக்குத்தான்" என்றேன்.

"டாக்டர்கிட்ட அதைச் சொல்லாண்டாமா?"

"நாம ஆதாரம் இல்லாம ஒண்ணு சொல்லி, அது கல்லூரி வரைக்கும் வந்து... நான் இப்ப எந்த நாற்காலியில இருக்கேன்னு யோசி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

நவம்பர் 17, திங்கள்

காலையில் எழுந்தபோது செண்பகம் இல்லை. மேசையில் இட்லி மூடியிருந்தது. முதல் பஸ்ஸில் திருநெல்வேலி போய், டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டீச்சர் எங்களிடம் கொடுத்து வைத்திருந்த சாவியால் வீட்டைத் திறந்து, டப்பாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். டாக்டர் உடனே வேறு மருந்துக்கு மாற்றினாராம், பிழைத்துக்கொள்வார் என்றாராம்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. போனில் தன் தங்கையிடம் சொன்னபோது காதில் விழுந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு அப்பவே தெரியும்" என்றும் சொன்னாள்.

நவம்பர் 28, வெள்ளி

பேச்சியம்மாள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஆய்விலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். நாலு வருட உழைப்பு. முதல்வர் கையெழுத்து வேண்டும், என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"வேற கைடுகிட்ட மாத்தித் தரச் சொல்லிப் பாக்கலாம்மா. நானே பேசுதேன்."

"யாரு சார் எடுப்பா? கவனக்குறைவுன்னு உலகத்துக்கே அச்சடிச்சுப் போட்டாச்சு. இன்டர்வியூக்குப் போனா முதல்ல அதைத்தான் எடுத்துக் காட்டுதாங்க."

"காலம் போனா எல்லாரும் மறந்துருவாங்க."

"அது மறையாது சார். நெட்ல என் பேரைத் தட்டினா முதல்ல அதான் வருது." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஊர்ல நானே வீடு வீடாப் போயிச் சொல்லிட்டேன், பொடியைத் திங்காதீங்கன்னு. பாதிப்பேரு நம்பல. காலேஜே விசாரிச்சு நல்ல மருந்துன்னு சொல்லியாச்சே, உனக்கும் வாத்தியாருக்கும் என்ன சண்டைன்னு கேக்காவ. எங்க சித்தி பேசுறதையே நிறுத்திருச்சு."

கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினேன். தாளை வாங்கிக்கொண்டவள் கதவருகே போய்த் திரும்பினாள்.

"சார், உங்க வீட்ல யாரும் அந்தப் பொடியைச் சாப்பிடுதாங்களா?"

"இல்லம்மா" என்றேன். கேட்ட வேகத்தில் வந்துவிட்டது.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "சரி சார்" என்றாள். போய்விட்டாள்.

உண்மையைத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்போது யாரும் சாப்பிடுவதில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

செண்பகம் சமைத்து வைக்கிறாள். துணி துவைக்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். மற்ற நேரமெல்லாம் பக்கத்து வீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய டீச்சருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள்.

நாற்காலி மாற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 11, வியாழன்

மாலையில் ஒரு மின்னஞ்சல். என் கட்டுரை வெளியீட்டுக்கு ஏற்கப்பட்டதாம். நான் கட்டுரை எதுவும் அனுப்பவில்லையே என்று திறந்து பார்த்தேன். அதே இலைதான், இந்த முறை சிறுநீரகத்துக்கும் கெடுதல் இல்லை என்று. முதல் பெயர் குற்றாலநாதன். நடுவில் எனக்குத் தெரியாத நாலைந்து பெயர்கள். கடைசியில் நான். யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பத்தி இருக்கிறது. 'நுண்ணோக்கிப் படங்களைச் சரிபார்த்தவர்: ஆவுடையப்பன்.'

குற்றாலநாதனுக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, சொல்லாமச் செஞ்சுட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. பிரின்சிபால் பேரு இருந்தா காலேஜுக்கு ஒரு கௌரவம். ஜனவரியில குழு வாறப்ப முதல்வரும் ஆராய்ச்சி பண்ணுதாருன்னு காட்டணும்லா?" என்றார். அப்படிப் பார்த்தால் அதுவும் நிர்வாகம் சார்ந்த விஷயம்தான். இதழ் நல்ல இதழ். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய இதழில் என் கட்டுரை வந்ததில்லை.

செண்பகத்திடம் சொல்லலாம் என்று எழுந்தேன். பக்கத்து வீட்டில் இருந்தாள்.

ஆட்சேபணை ஏதும் இருந்தால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அச்சுக்கு முந்தைய பிரதியைக் கடைசி வரை பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. நாளைக் காலையில் முதல் வேலையாக, திருத்தச் சொல்லி எழுத வேண்டும்.